நோய்க்கு இனம் உண்டோ?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நாம், சர்க்கார் தாள் எதனை நிரப்ப நேர்ந்தாலும், பெயருக்கும் பிறந்த நாளுக்கும் அடுத்தாற்போல ‘இனம்’ என்றொரு கட்டத்தைக் காண்கிறோம். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பிறர் என்று அதில் வகுத்திருக்கும். நம்மில் பெரும்பாலோர் யோசியாமலே ‘இந்தியர்’ என்பதில் கோடிட்டுவிட்டு அடுத்த கட்டத்திற்குப் போய்விடுகிறோம். பள்ளிக்கூடத்திலும் உத்தியோகத்திலும் அந்தக் கோட்டினால் விளையும் நன்மை தீமைகளைக் குறித்து நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். ஆனால் அதே கட்டம் ஆஸ்பத்திரித் தாளில் நிற்கும்போது அதன் பொருள் யாது? நோயுற்றுக் கிடக்கும் ஒருவனைப் பார்த்து, ‘நீ எந்த இனத்தான்?’ என்று வைத்தியர் கேட்பது நியாயமா? கேட்டறிந்த விடையைக் கொண்டு, ‘உனக்கு இந்நோய் திரும்பி வரக்கூடும், அவனுக்கு அத்துணை அபாயமில்லை’ என்று கணக்கிடுவது அறிவா, அன்றிப் பழைய ஏற்றத்தாழ்வு புதிய உடுப்பணிந்து வருவதா? இவ்வினாவையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

வினா பொதுவாக நின்றால் விடையும் பிடிபடாமல் நழுவும். ஆகையால் ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதன் வழியே செல்வோம். ஆடவரைப் பீடிக்கும் புராஸ்டேட் புற்றுநோயே அது. மூத்திரப் பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சூழ்ந்து, சிறியதோர் எலுமிச்சங்காய் போன்று அமைந்துள்ள சுரப்பிக்குப் புராஸ்டேட் என்று பெயர். வயது ஏற ஏற அதில் புற்று உண்டாகும் அபாயமும் ஏறுகின்றது. இவ்விரு நாடுகளிலும் ஆடவர்க்கு மிகுதியாக வரும் புற்றுநோய்களில் முதல் மூன்றனுள் ஒன்றாக இஃது எண்ணப்படுகிறது. இருந்தும் நம் வீடுகளில் இதன் பெயரைக் கேட்டவர் சிலரே. இடுப்புக்குக் கீழுள்ள உறுப்பைப் பற்றித் தந்தை மகனிடம் பேசக் கூசுகிறான். கணவன் மனைவியிடமும் மறைக்கிறான். நோயோ நம் கூச்சம் தீரும் வரையில் காத்திருப்பதில்லை.

நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் காலத்தில் கண்டுகொள்ளப்பட்டால், பலருக்கு அச்சுரப்பி முழுவதையும் ரண சிகிச்சையால் எடுத்துவிடுகிறார்கள். காயம் ஆறுகிறது, மனிதன் வீடு திரும்புகிறான். அதன் பின்னர் அவன் உள்ளத்தில் இரவும் பகலும் ஒரே கேள்வி: ‘திரும்பி வருமா?’

இக்கேள்விக்கு இரத்தம் ஓரளவு விடை சொல்லும். பி.எஸ்.ஏ. என்பது பெரும்பாலும் புராஸ்டேட் அணுக்களே உண்டாக்கும் ஒரு புரதம். சுரப்பி முழுவதும் போய்விட்டதாயின், சில வாரங்களில் அப்புரதம் இரத்தத்தில் அளந்தறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட வேண்டும். பிறகு அது மீண்டும் தோன்றி, ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறு சோதனையிலும் அவ்வாறே காணப்பட்டால், நோயின் விதை எங்கேயோ தங்கியிருக்கிறதென்று வைத்தியர் கொள்வர். அந்த நாள் வரையில் வாளாவிருக்கலாமா, அன்றி முன்னதாகவே கதிர்ச் சிகிச்சை அளித்துவிட வேண்டுமா? எல்லோருக்கும் அளித்தால், தேவையில்லாத பலர் மூத்திரம் அடங்காத துன்பத்தையும் குடற் புண்ணையும் வீணாகச் சுமக்க நேரிடும். ஒருவருக்கும் அளியாது கண்காணிப்பையும் தளரவிட்டால், சிலர் காலங் கடந்து வந்து சேர்வர். யாரை நெருங்கிக் கவனிப்பது, யாரைக் கவலையின்றி வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கவே அபாயத்தை முன்னறியும் கணக்கு வேண்டப்படுகிறது.

அத்தகைய கணக்குகளுள் ஒன்றை 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகர சர்வகலாசாலை வைத்தியர்கள் வெளியிட்டனர். ‘கேப்ரா-எஸ்’ என்பது அதன் பெயர். காகிதத்திலேயே கூட்டிவிடக் கூடிய எளிய கணக்கு அது. ரண சிகிச்சைக்கு முன்பிருந்த பி.எஸ்.ஏ. அளவுக்கு 3 புள்ளி வரையில். நுண்ணோக்கியில் அணுக்களின் கோலத்தைக் கண்டு இடப்படும் கிளீசன் மதிப்புக்கு 3 புள்ளி வரையில். அறுத்தெடுத்த சதையின் விளிம்பில் புற்று இருந்தால் 2. சுரப்பியின் உறையை அது கடந்திருந்தால் 1. விந்துப் பையினுள் புகுந்திருந்தால் 2. நிணநீர்க் கணுக்களில் காணப்பட்டால் 1. ஆகக் கூடிய தொகை 12. இரண்டு வரையில் அபாயம் குறைவு. 3 முதல் 5 வரையில் நடுத்தரம். 6-ம் அதற்கு மேலும் மிகுதி. நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆறு வினாக்களில் ‘நீ எந்த இனத்தான்?’ என்ற வினா இல்லை. ஆறும் நோயைக் குறித்தே கேட்கின்றன.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, ‘ஜோசியனும் வருவதைக் கூறுகிறான், வைத்தியனும் கூறுகிறான், இரண்டுக்கும் பேதம் என்ன?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஜோசியன் தான் சொன்னவற்றில் பலித்ததை எண்ணுவான், பலியாததை எண்ணமாட்டான். கணக்கு அமைத்த வைத்தியரோ, பலித்ததையும் பலியாததையும் சேர்த்தெண்ணி உலகறிய அச்சிட வேண்டும். பிற ஊர் வைத்தியர் அதைத் தம் நோயாளிகளிடம் சோதித்துப் பிழை காட்டினால் தலைவணங்கித் திருத்த வேண்டும். சோதனைக்கு நில்லாத கணக்கு ஜாதகத்தினும் உயர்ந்ததன்று. எத்துணை நல்ல கணக்காயினும் அது நூறு பேரைப் பற்றியே பேசும். நூற்றில் முப்பது பேருக்கு நோய் திரும்பும் என்று அது கூறினால், கேட்டுக்கொண்டிருக்கும் முத்துவோ மாரிமுத்துவோ அந்த முப்பதில் ஒருவனா, எழுபதில் ஒருவனா என்பதை அது சொல்லாது. இந்த எல்லையை மறந்தவன் கணக்கை விதியாக்கிவிடுகிறான்.

நிற்க, ஒரு படிக்கல்லைக் கொண்டு நிறுக்கும்போது, அக்கல் எந்த ஊரில் முத்திரையிடப்பட்டது என்று கேட்பது வியாபார ஒழுங்கு. அதுபோல, ஓர் அபாயக் கணக்கு யாருடைய சரீரங்களைக் கொண்டு அமைக்கப்பட்டது என்று கேட்பதும் நியாயமே. பெரும்பாலும் வெள்ளையரைக் கொண்டு அமைத்த கணக்கு கறுப்பருக்கும் சீனருக்கும் தமிழருக்கும் பொருந்துமா என்று சோதியாமல் உபயோகிப்பது, சமத்துவம் போலத் தோன்றும் அலட்சியம். ஆகவே இனங்களுக்கிடையே ஒப்பிட்டுப் பார்ப்பதே குற்றம் என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. ஒப்பிட்டுக் கண்ட வேறுபாட்டை எவ்வாறு பொருள் கொள்கிறோம் என்பதிலேதான் அறமும் மறமும் பிரிகின்றன.

இதனை அமெரிக்க நாட்டு வரலாறு நன்கு விளக்கும். அங்கே கறுப்பின ஆடவர்க்குப் புராஸ்டேட் புற்றுநோய் வெள்ளையரினும் ஏறத்தாழ 1.7 மடங்கு மிகுதியாக வருகிறது; அதனால் அவர்கள் இறப்பதோ ஏறத்தாழ இரு மடங்கு. எண்கள் மெய்யானவை. இவ்வெண்களைக் கண்ட இருவர் இருவிதமாகப் பேசலாம். ஒருவர், ‘அது அவர்கள் இரத்தத்தின் குணம், நாம் என் செய்வது?’ என்பார். மற்றவர், ‘அவர்கள் எப்போது ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்? வந்தபோது யார் பார்த்தார்கள்? பணமில்லாதவனுக்கு என்ன கொடுத்தார்கள்?’ என்று கேட்பார். முதலாமவர் எண்ணோடு நின்றுவிடுகிறார். இரண்டாமவர் எண்ணிலிருந்து விசாரணையைத் தொடங்குகிறார்.

விசாரணை நடந்தது. 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒப்பிட்டனர். நாடெங்குமுள்ள பொதுப் பதிவேடு ஒரு பக்கம். பழைய படைவீரர்களுக்கென்று சர்க்கார் நடத்தும் ஆஸ்பத்திரிகள் ஒரு பக்கம். எல்லோருக்கும் ஒரே முறையில் சிகிச்சை வகுத்து நடத்திய பரிசோதனைகள் ஒரு பக்கம். படைவீரர் ஆஸ்பத்திரியில் கறுப்பனும் வெள்ளையனும் ஒரே வாயில் வழியாக நுழைந்து ஒரே வைத்தியரைக் காண்கின்றனர். நோயின் நிலையும் சிகிச்சை பெறும் வாய்ப்பும் ஒத்திருந்த அவ்விடங்களில், கறுப்பன் என்ற ஒன்றனாலேயே ஒருவன் இந்நோயால் இறப்பது மிகுதி என்று காணப்படவில்லை. நாம் முன்னே கூறிய கேப்ரா-எஸ் கணக்கும் இத்தகைய படைவீரர் ஆஸ்பத்திரி நோயாளிகளிடமே சோதிக்கப்பட்டு, 2014-ஆம் ஆண்டில் அதன் பலன் வெளியிடப்பட்டது; இனத்தைக் கேளாத அக்கணக்கு அங்கும் தக்கபடி பொருந்தி நின்றது. வாயில் ஒன்றானபோது முடிவும் நெருங்கியது. இரத்தத்தின் மேல் சுமத்திய பழியில் பெரும்பகுதி வாயிலுக்கு உரியது என்பது இதனால் விளங்கவில்லையா?

எனினும் ஒருதலையாக வாதிட நாம் விரும்பவில்லை. சரீர வேறுபாடு சிறிதும் இல்லை என்று கூறுவது உண்மையன்று. எட்டாவது குரோமோசோமின் ஒரு பகுதியில் உள்ள சில மரபுக் குறிகள் இந்நோயின் அபாயத்தை உயர்த்துகின்றன என்பதும், ஆப்பிரிக்க வம்சத்தவரிடம் அவை மிகுதி என்பதும் 2006-ஆம் ஆண்டு முதலாக வெளிப்பட்டிருக்கின்றன. நோய் உண்டாவதிலுள்ள வேறுபாட்டில் பிறப்புக்கும் ஒரு பங்கு உண்டு. இன்னும் அண்மையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. காக்காய் வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பின் என்ற மருந்து, ஒரு குறிப்பிட்ட மரபுக் குறி உடையவர்க்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் கொடிய விளைவை உண்டாக்கலாம். அக்குறி சீனரிடமும் மலாய்க்காரரிடமும் மிகுதி. இந்தியரிடம் அதனினும் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. ஆகவே ஆசிய வம்சத்தவர் எவர்க்கும் அம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் அக்குறியைச் சோதிக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் சுகாதார அதிகாரிகள் வைத்தியர்களுக்கு அறிவித்தனர்.

இவ்வுதாரணத்தை நன்கு சிந்திக்க வேண்டும். இங்கே வம்சம் ஒரு கதவைத் தட்டியது. தீர்ப்பு வழங்கியதோ சோதனை. ‘நீ சீனன், ஆகையால் உனக்கு இம்மருந்து இல்லை’ என்று வைத்தியர் சொல்லவில்லை. ‘உன் இரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றார். குறி இல்லாத சீனனுக்கு மருந்து கிடைக்கிறது. குறியுள்ள தமிழன் காப்பாற்றப்படுகிறான். இனத்தைக் கேட்டதனால் மனிதன் மறைந்துபோகவில்லை. இன்னும் தெளிவாகக் கண்ணில் பட்டான். இவ்வாறு கேட்பது அறம்.

இதற்கு நேர்மாறானதும் உலகில் நடந்திருக்கிறது. 1851-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்றொரு வைத்தியர் இருந்தார். கறுப்பின அடிமைகளின் மூச்சை ஒரு கருவியால் அளந்து, அவர்கள் நுரையீரல் வெள்ளையரினும் குறைந்த ஆற்றலுடையது என்று அவர் எழுதினார். அதனோடு நின்றாரா? தோட்டத்தில் கட்டாய உழைப்பு அவர்கள் நுரையீரலுக்கு நல்லது என்று நியாயமும் காட்டினார். அடிமை ஒருவன் எசமானைவிட்டு ஓடிப்போனால், அவ்வோட்டத்திற்கும் ஒரு நோயின் பெயர் சூட்டினார். விடுதலை விரும்பியதே வியாதியாகிவிட்டது! தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாக உழைத்துவந்த நம் மக்கள் இதனைப் படிக்கும்போது ஒரு கணம் நின்று யோசிப்பார்கள் என்பது திண்ணம். ‘இவர்கள் உடலே இதற்கென்று அமைந்தது’ என்ற சொல் எந்நாட்டுத் தோட்டத்திலும் எசமானுக்கு இனிமையான சொல்.

நூறாண்டு கடந்தும் அந்த எண்ணத்தின் நிழல் மறையவில்லை. மூச்சை அளக்கும் கருவிகளில், கறுப்பருக்கும் ஆசியருக்கும் குறைந்த அளவே இயல்பு என்று இனத் திருத்தம் செய்யும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவ்வாறு செய்யற்க என்று அமெரிக்க நெஞ்சுநோய் வைத்திய சங்கம் 2023-ஆம் ஆண்டிலேதான் கூறிற்று. சிறுநீரகக் கணக்கின் கதை இன்னும் வேதனையானது. இரத்தத்திலுள்ள ஒரு கழிவுப் பொருளைக் கொண்டு சிறுநீரகத்தின் ஆற்றலை மதிப்பிடும் சூத்திரத்தில், 1999-ஆம் ஆண்டு முதலாக, நோயாளி கறுப்பன் என்றால் விடையை உயர்த்தும் ஒரு பெருக்கம் சேர்க்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் அவ்வுயர்வு ஏறத்தாழ 16 சதவிகிதம். அதாவது, ஒரே வயதும் ஒரே இரத்த அளவும் உடைய இருவரில், வெள்ளையனுடைய சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று சொல்லும் கணக்கு, கறுப்பனுடையது இன்னும் நன்றாயிருக்கிறது என்று சொல்லும். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் அவ்வாற்றல் 20-க்கு இறங்கிய பின்னரே காலம் எண்ணப்படும். ஆகவே கறுப்பன் பிந்தி நின்றான். அக்கணக்கை அமைத்தவர்களிடம் பகைமை இருந்ததென்று நாம் கூறவில்லை. சராசரியில் கண்ட ஒரு வேறுபாட்டை நேர்மையாகவே எழுதினார்கள். ஆனால் சராசரியின் மேல் எழுந்த அந்தப் பெருக்கம் எத்தனையோ தனி மனிதரின் மேல் விழுந்தது. 2021-ஆம் ஆண்டில் இனத்தைக் கேளாத புதிய சூத்திரம் வந்தது. 2023 முதல், பழைய கணக்கினால் பிந்திய கறுப்பின நோயாளிகள் ஆயிரக்கணக்கானோர்க்கு, இழந்த காத்திருப்புக் காலம் திருத்திக் கொடுக்கப்பட்டது. காலத்தைத் திருப்பிக் கொடுத்தனர். அதற்கிடையில் இறந்துபோனவர்க்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

இனி, இனம் என்று நாம் எழுதும் அச்சொல்தான் எத்தகையது? 1891-ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் குடிமதிப்பு எடுத்த வெள்ளை அதிகாரிகள், ‘தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்’ என்று ஒரு பகுதி வகுத்தார்கள். இன்று அதே மக்கள் ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் நிற்கிறார்கள். தமிழனும் தெலுங்கனும் மலையாளியும் பஞ்சாபியும் அதில் ஒன்று. அமெரிக்கத் தாளுக்குப் போனால் அவர்களே சீனரோடும் ஜப்பானியரோடும் சேர்ந்து ‘ஆசியர்’ ஆகிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் தாய் ஓரினம், தந்தை ஓரினமாயின், 2011-ஆம் ஆண்டு முதல் பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். அந்த ஆண்டில் எந்தப் பிள்ளையின் நுரையீரலும் சிறுநீரகமும் மாறிவிடவில்லை. எழுத்து மட்டுமே மாறியது. குமாஸ்தாவின் பேனா மாறும்போதெல்லாம் மாறும் ஒன்றை, சரீரத்தின் சட்டமாக எண்ணுவது பேதைமை. பிறப்பைக் கேட்டுத் தகுதியை முடிவு செய்யும் வழக்கத்தை நம் சமூகம் போதுமான அளவு அனுபவித்திருக்கிறது. கிணற்றடியில் நாம் வெறுத்து ஒதுக்கிய அந்த நியாயத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏற்க முடியுமா?

‘அங்ஙனமாயின் எல்லாத் தாள்களிலிருந்தும் இனத்தை அடித்துவிட்டால் தீர்ந்ததல்லவா?’ என்று சில அன்பர்கள் கேட்பர். அவர்கள் எண்ணம் நல்லது, வழி தவறானது. கறுப்பர் இரு மடங்கு இறக்கின்றனர் என்பது எப்படித் தெரியவந்தது? எழுதி வைத்ததனால். சிறுநீரக வரிசையில் அவர்கள் பிந்தினர் என்பது எப்படி நிரூபணமாயிற்று? எழுதி வைத்ததனால். எழுதாமலே இருந்திருந்தால் அநியாயம் நடந்திருக்கும். சான்று மட்டும் இராது. கண்ணை மூடிக்கொள்வதால் பள்ளம் நிரம்பிவிடுமோ? ஊரின் கணக்கில் இனம் இருக்கட்டும், யார் பின்தங்குகிறார் என்று காட்டுவதற்காக. ஒருவனுக்குரிய சிகிச்சையைக் குறைக்கும் காரணமாக மட்டும் அது வரக்கூடாது.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து மூன்று நெறிகளை நாம் வகுக்கலாம். முதலாவது, இனத்தைக் கேட்பது மேலும் கவனிப்பதற்காக இருக்கலாம். கவனிப்பைக் குறைப்பதற்காக ஒருபோதும் ஆகாது. கறுப்பின ஆடவனை முன்னதாகவே சோதிக்க அழைக்கும் கணக்கு அவனுக்கு நன்மை செய்கிறது. அவனை வரிசையில் பின்னே தள்ளும் கணக்கு தீமை செய்கிறது. இரண்டிலும் இனம் உண்டு. அறம் ஒன்றிலேதான் உண்டு. இரண்டாவது, நேரே அளக்கக் கூடியதை அளக்க வேண்டும். சதையின் விளிம்பையும் அணுவின் கோலத்தையும் இரத்தத்தின் அளவையும் காணக் கண்ணிருக்கும்போது, தோலின் நிறத்தைக் கொண்டு ஊகிப்பது சோம்பல். மூன்றாவது, வேறுபாடு கண்டவிடத்து நோயாளியின் பிறப்பைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லும் முன், சமூகத்தைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும்.

வள்ளுவர் ‘மருந்து’ என்றோர் அதிகாரமே வகுத்தார். மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவை எவை என்று அதில் கூறுமிடத்து, நோயுற்றவனது நிலை, நோயின் நிலை, காலம் என்ற மூன்றையே குறிக்கிறார். குலத்தை அவர் குறிக்கவில்லை. குலம் பெரிதும் பேசப்பட்ட ஒரு நாட்டில் இருந்துகொண்டு அவர் அதைக் குறியாது விட்டது தற்செயல் என்று நாம் கருதவில்லை. நோயுற்றவனது நிலை என்பதற்குள் அவன் வயது, வலிமை, வறுமை, அவன் நடந்துவந்த தூரம் யாவும் அடங்கும்.

தூரம் என்றதும் நம் நெஞ்சை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலவில்லை. கேப்ரா-எஸ் கணக்கு இனத்தைக் கேட்பதில்லை என்று பாராட்டினோம். அதனால் அக்கணக்கில் அநியாயத்தின் சுவடே இல்லை என்று கொள்ளலாமா? இருவரை நினைத்துக்கொள்வோம். ஒருவர் பட்டணத்துக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். ஆண்டுதோறும் கம்பெனிச் செலவில் இரத்தம் சோதிக்கப்பட்டவர். பி.எஸ்.ஏ. 5 ஆக இருக்கும்போதே நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவுக்கு அவர் பெறும் புள்ளி 0. மற்றவர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறியபின் லாரி ஓட்டியவர். இரவில் நான்கு முறை எழுந்தபோது, ‘வயதானால் அப்படித்தான்’ என்றிருந்தார். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று பி.எஸ்.ஏ. 25, அவ்வளவுக்கு மட்டும் 3 புள்ளி. புற்று உறையையும் கடந்துவிட்டது. அதற்கு மேலும் ஒன்று. கணக்கு பொய் சொல்லவில்லை. அவருக்கு அபாயம் மெய்யாகவே மிகுதி. ஆனால் அந்த நான்கு புள்ளிகளும் எங்கிருந்து வந்தன? எல்லாம் பிறப்பிலே வந்தனவா? கூலியிலும் கூச்சத்திலும் அறியாமையிலும் பஸ் வராத சாலையிலும் சேர்ந்தவை அவற்றுள் எத்தனை? சூத்திரத்தில் இனம் என்ற சொல் இல்லை. எனினும் சமூகம் அவர் சரீரத்தின் மேல் எழுதியது அத்தனையும் எண்ணாக மாறி அதில் ஏறியிருக்கிறது.

ஆதலின் இனத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம் என்று மகிழ்ந்து ஓய்ந்துவிடலாகாது. அந்த நான்கு புள்ளிகளில் குறைக்கக் கூடியவற்றைக் குறைப்பதே மெய்யான சமத்துவம். அதில் சர்க்காருக்குப் பங்கு உண்டு. முதலாளிக்குப் பங்கு உண்டு. நமக்கும் பங்கு உண்டு. நேயர்களே! ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் தம் மூத்திரத் தொல்லையை மறையாது வைத்தியரிடம் சொல்லுங்கள். தொல்லை ஒன்றும் இல்லாதவரும் சோதனையின் நன்மை தீமைகளைக் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் ஓசையின்றியே வளரும். தந்தைக்கோ தமையனுக்கோ இந்நோய் வந்த குடும்பத்தார் இன்னும் முன்னதாகவே கேட்க வேண்டும். மக்கள் தம் தந்தையிடம் இதைப் பேசக் கூச வேண்டாம். நம் சங்கங்களும் வாசகசாலைகளும் ஆண்டுக்கொரு நாள் இப்பேச்சுக்கு ஒதுக்கினால் குறைந்துபோகமாட்டா.

அடுத்த முறை ஆஸ்பத்திரித் தாளில் ‘இனம்’ என்ற கட்டத்தைக் காணும்போது, தயங்காமல் கோடிடுங்கள். பின்னர் வைத்தியரிடம் மரியாதையோடு கேளுங்கள்: ‘ஐயா, இதை எதற்காகக் கேட்கிறீர்கள்? இதனால் என்னை அதிகமாகப் பார்ப்பீர்களா, குறைவாகப் பார்ப்பீர்களா?’ நல்ல வைத்தியர் அக்கேள்விக்குக் கோபங்கொள்ளார். அவர் விடை கூறும்போது தாளைப் பார்க்கிறாரா, உங்கள் முகத்தைப் பார்க்கிறாரா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.